கற்கண்டும் கடலை மிட்டாயும்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் திட நிலைமைப் பாடத்தைத் தொடங்கியதும் ஒரு அட்டவணை வந்து நிற்கும். இடது பக்கம் படிகத் திண்மங்கள், வலது பக்கம் படிக வடிவமற்ற திண்மங்கள். அணுக்கள் நெடுந்தூரத்துக்கு ஒழுங்காக அடுக்கப்பட்டவை இங்கே. பக்கத்து அணு வரைக்கும்தான் ஒழுங்கு, அதற்குமேல் கிடையாது என்பவை அங்கே. திட்டமான உருகுநிலை உண்டு, இல்லை. திசைக்குத் திசை பண்பு மாறும், மாறாது. வெட்டினால் சமதளமாகப் பிளக்கும், கோணல்மாணலாக உடையும். உண்மையான திண்மம், போலித் திண்மம். எடுத்துக்காட்டுக்கு உப்பும் வைரமும் ஒரு பக்கம். கண்ணாடியும் ரப்பரும் மறுபக்கம். பிள்ளைகள் ஒரே மாலையில் இதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். தேர்வில் கேட்டால் மதிப்பெண் நிச்சயம்.

பல வருடமாக இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். அட்டவணையில் இருப்பதில் பெரும்பகுதி சரிதான். சரியில்லாத வரிகளும் இருக்கின்றன, அவற்றுக்குப் பின்னால் வருகிறேன். எனக்கு வருத்தம் அந்த நடுக்கோட்டின் மேல். உலகத்தில் இரண்டு இனப் பொருள்கள் பிறக்கும்போதே பிரிந்து பிறந்தன, உப்பு இந்த இனம், கண்ணாடி அந்த இனம் என்று ஒரு எண்ணத்தை அந்தக் கோடு பதினேழு வயதுப் பிள்ளையின் மனதில் பதித்துவிடுகிறது. ஒரே பொருள் இரண்டு பக்கமும் போகும், எந்தப் பக்கம் போகும் என்பதை அது உறைந்த விதம் தீர்மானிக்கிறது என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். அது அட்டவணையில் இல்லை.

அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்வரும் பொருள் நம் அடுக்களையிலேயே இருக்கிறது: சர்க்கரை.

கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்குப் பாகு காய்ச்சுவதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் சித்தி கடலை உருண்டை பிடிக்கும்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்திருப்பார். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, கொதிக்கவிட்டு, கரண்டியால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுவார். விரலுக்கிடையில் இழை இழுத்தால் கம்பிப் பதம். மெத்தென்று உருண்டால் அது அதிரசத்துக்கு. உருண்டைக்கு இன்னும் முற்ற வேண்டும். உருட்டி எடுத்ததைத் தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். “சத்தம் வந்துட்டு, அடுப்ப அமத்தும்மா” என்பார். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் பிந்தினாலும் பாகு கசந்துபோகும்.

அந்த ‘டங்’ சத்தம் என்ன என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. கண்ணாடியாகக்கூடிய ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு வெப்பநிலை எல்லை உண்டு. அதற்கு மேலே அது இழுபடும், ஒட்டும், வளையும். அதற்குக் கீழே விறைத்து நொறுங்கும். கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று இதைச் சொல்கிறோம். ஈரமே இல்லாத தூய சர்க்கரைக்கு இது சுமார் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ். அதில் மூன்று சதவீதம் தண்ணீர் கலந்திருந்தால் போதும், இருபது டிகிரிக்கு மேல் கீழே இறங்கிவிடும். பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிறது. எல்லை மேலே ஏறிக்கொண்டே வருகிறது. இளம்பாகில் அது கிண்ணத்துத் தண்ணீரின் வெப்பநிலைக்கு வெகு கீழே கிடக்கிறது. அதனால் சொட்டு உள்ளே விழுந்தாலும் கூழாகத்தான் இருக்கும். பாகு முற்றும்போது எல்லை அந்தத் தண்ணீரின் வெப்பநிலையைத் தாண்டி மேலே போய்விடுகிறது. இப்போது விழும் சொட்டு கண்ணாடி. தட்டினால் ஒலிக்கிறது. வெப்பமானி இல்லாமல், ஒரு கிண்ணம் தண்ணீரையும் காதையும் வைத்துக்கொண்டு சித்தி அளந்தது இந்த எல்லையைத்தான். கடலை மிட்டாயைக் கடித்தால் ‘படக்’கென்று உடைவது வேர்க்கடலையின் குணம் மட்டுமில்லை, கடலைகளுக்கு நடுவே இருப்பது வெல்லத்தால் ஆன கண்ணாடி.

அதே சர்க்கரையை வேறு விதமாக நடத்தினால் கற்கண்டு கிடைக்கும். பதநீரைக் காய்ச்சிய பாகை நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை மூலக்கூறு ஒவ்வொன்றாக வந்து, தனக்கான இடத்தைத் தேடி, சரியான கோணத்தில் உட்காருகிறது. உட்கார்ந்தது சரியில்லை என்றால் மறுபடி கரைந்து போய் வேறொன்று வருகிறது. அவசரமே கிடையாது. பனங்கற்கண்டின் பளபளக்கும் முகங்களும் கூரான விளிம்புகளும் இந்தப் பொறுமையில் பிறப்பவை. கடலை மிட்டாய்ப் பாகுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. மூலக்கூறுகள் இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே பாகு ஆறி, பசையாகி, விறைத்துவிடுகிறது. யார் எங்கே நின்றார்களோ அங்கேயே நின்றுவிட்டார்கள்.

நேரம் மட்டும் போதாது, கலப்பும் வேண்டும். வெல்லத்தில் சுக்ரோஸ் தவிர குளுக்கோஸும் பிரக்டோஸும் இருக்கின்றன. வடிவத்தில் வேறான இந்தச் சிறு மூலக்கூறுகள் இடையில் வந்து நிற்பதால் சுக்ரோஸ் வரிசை கட்ட முடியாமல் போகிறது. ஜாங்கிரிக்கு ஜீரா காய்ச்சும்போது அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிவதும் இதற்காகத்தான். புளிப்பு, சூட்டில் சுக்ரோஸின் ஒரு பகுதியை உடைத்துக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் ஆக்கிவிடும். பிறகு ஜீரா பூத்துப்போகாது, அதாவது படிகம் கட்டாது.

கண்ணாடி நிலை நிம்மதியான நிலை இல்லை என்பதையும் சர்க்கரையிலேயே பார்க்கலாம். பஞ்சுமிட்டாய் என்பது உருக்கிய சர்க்கரையை நுண்துளை வழியே சுழற்றி வீசி, காற்றிலேயே இழையாக உறையவைத்த சர்க்கரைக் கண்ணாடி. ஐப்பசி மழை நாளில் அதைப் பொட்டலத்திலிருந்து பிரித்து வைத்தால் என்ன ஆகிறது? காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, அந்த எல்லை வெப்பநிலை அறை வெப்பநிலைக்குக் கீழே சரிகிறது, இழைகள் இளகிச் சுருங்குகின்றன. அசையும் சுதந்திரம் மீண்டும் கிடைத்ததும் மூலக்கூறுகள் விட்ட வேலையைத் தொடர்கின்றன. கொஞ்ச நேரத்தில் அது நறநறவென்று படிகம் கட்டிக் கிடக்கும். படிகத்தைவிடக் கண்ணாடியில் ஆற்றல் எப்போதும் சற்று அதிகம். இறங்க இடமிருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது.

மருந்துத் தொழிலில் இது உயிர்ப் பிரச்சினை. எச்.ஐ.வி.க்கான ரிட்டோனாவிர் என்ற மருந்து 1996-ல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய அபாட் நிறுவனத்துக்கு அப்போது ஒரே ஒரு படிக வடிவம்தான் தெரியும். 1998-ல் மாத்திரை உறைகளுக்குள் முன்பு பார்த்திராத இரண்டாவது படிக வடிவம் தோன்றியது. மூலக்கூறு அதேதான், அடுக்கு வேறு. புதிய அடுக்கு இன்னும் நெருக்கமாகப் பிணைந்திருந்ததால் கரைதிறன் வெகுவாகக் குறைந்தது. கரையாத மருந்து ரத்தத்தில் சேராது. அந்த உறைகளைச் சந்தையிலிருந்து விலக்கவேண்டி வந்தது. பிறகு வந்த மென்உறை வடிவத்தைக் குளிர்பெட்டியில் வைத்துக் காக்க வேண்டியிருந்தது. கடைசியில் 2005-ல் தீர்வு எங்கிருந்து வந்தது தெரியுமா? அட்டவணையின் வலது பக்கத்திலிருந்து. லோபினாவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்தையும் ரிட்டோனாவிரையும் ஒரு பலபடியோடு சேர்த்து உருக்கிப் பிழிந்து, படிகம் கட்டவே இடம் கொடுக்காமல், கண்ணாடி நிலையில் மாத்திரையாக்கினார்கள். படிகத்திலிருந்து ஒவ்வொரு மூலக்கூறையும் பிய்த்து எடுக்க ஆற்றல் வேண்டும். கண்ணாடியில் அந்தப் பிடி தளர்வு, அதனால் எளிதில் கரையும். குளிர்பெட்டியும் தேவைப்படவில்லை. மின்சாரம் நிச்சயமில்லாத ஊர்களில் மருந்து உண்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம். போலித் திண்மம் என்று எழுதிப் பழகிய பிள்ளைகளிடம் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லிவிடுவேன்.

இனி மணலுக்கு வருவோம்.

எங்கள் ஊர்க் கரிசல் காட்டில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் வெங்கச்சங்கல்லைப் பொறுக்காத சிறுவர்கள் இல்லை. இருட்டில் இரண்டை உரசினால் உள்ளே ஒளி மின்னும். அது குவார்ட்ஸ், அதாவது சிலிக்கன் டை ஆக்சைடின் படிகம். ஒரு சிலிக்கனைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கனுக்குப் பொது. இந்த நான்முகிகள் மூலை மூலையாகக் கோத்துக்கொண்டு, திருகிய ஒரே ஒழுங்கில் கல் முழுவதும் போகின்றன. இதை 1,700 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருக்கி ஆறவிட்டால் வெங்கச்சங்கல் திரும்பக் கிடைக்காது. சிலிக்காக் கண்ணாடிதான் கிடைக்கும். இதிலும் ஒரு சிலிக்கனைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். இதிலும் மூலைகளில் கோத்த நான்முகிகள். ஆனால் கோத்த கோணம் இடத்துக்கு இடம் மாறுகிறது; ஒரு வளையத்தில் ஐந்து, அடுத்ததில் ஏழு, இன்னொன்றில் ஆறு. நெருக்கம் குறைகிறது. குவார்ட்ஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம், சிலிக்காக் கண்ணாடிக்கு 2.20.

1932-ல் சிகாகோவில் இருந்த நார்வேக்காரர் ஸகாரியாசென் இதைக் கட்டுரையாக எழுதினார். எந்த ஆக்சைடு கண்ணாடியாகும், எது ஆகாது என்பதற்கு அவர் வகுத்த நிபந்தனைகள் இன்றும் பாடம். அதோடு தட்டையான ஒரு வரைபடம் போட்டார்: ஒழுங்கான வலை ஒன்று, பக்கத்தில் கோணல் வலை ஒன்று. எக்ஸ் கதிர்களால் அந்தக் கோணல் வலையை நேரே காட்ட முடியாது. 1912-ல் லாவேயின் யோசனைப்படி ஃப்ரீட்ரிக்கும் க்னிப்பிங்கும் ம்யூனிக்கில் படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது தகட்டில் புள்ளிகள் விழுந்தன. கண்ணாடியின் வழியே செலுத்தினால் மங்கலான வளையம்தான் விழும். சராசரித் தூரம் தெரியும், தனி அணுவின் இடம் தெரியாது. 2012-ல், எண்பது வருடம் கழித்து, கார்னெல் மற்றும் உல்ம் பல்கலைக்கழகத்தார் கிராஃபீன் என்ற ஓரணுக் கனக் கரித் தகட்டின் மேல் தற்செயலாகப் படிந்த, இரண்டே அடுக்குக் கனமுள்ள சிலிக்காவை மின்னணு நுண்ணோக்கியில் படம்பிடித்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு பக்க வளையங்கள் அணு அணுவாகத் தெரிந்தன. ஸகாரியாசென் கையால் வரைந்ததையும் அந்தப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

எல்லாப் பொருளையும் இப்படிக் கண்ணாடியாக்க முடியுமா? தூத்துக்குடி உப்பளத்துப் பாத்தியில் கனசதுரமாகப் படிகிற உப்பை 801 டிகிரியில் உருக்கி எவ்வளவு வேகமாக ஆறவைத்தாலும் திரும்ப உப்புப் படிகம்தான் வரும். சோடியத்துக்கும் குளோரினுக்கும் கோணம், கோப்பு என்ற கட்டுப்பாடே இல்லை. எதிர் மின்சுமை பக்கத்தில் இருந்தால் போதும், நொடியில் இடம்பிடித்துவிடும். உலோகங்களும் அப்படித்தான். ஆனாலும் 1960-ல் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் பால் டூவே குழுவினர் தங்கமும் சிலிக்கனும் கலந்த உருகலை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் குளிரவைத்து, முதல் உலோகக் கண்ணாடியைப் பெற்றார்கள். அதன் வாரிசான இரும்பு, சிலிக்கன், போரான் நாடாக்கள் இன்று தெருமுனை மின்மாற்றிகள் சிலவற்றின் உள்ளகமாக இருக்கின்றன. அணுக்களுக்கு வரிசை இல்லாததால் காந்தம் திசை மாறுவதற்குத் தடை குறைவு. யாரும் மின்சாரம் எடுக்காத நேரத்திலும் மின்மாற்றி தின்றுகொண்டிருக்கும் இழப்பு பாதிக்குக் கீழே போகிறது.

உருகுநிலை பற்றிய வரியைப் பிள்ளைகள் சும்மா கடந்துபோவார்கள். “படிகமற்றதற்கு உருகுநிலை கிடையாது” என்பதை ஒரு குறை மாதிரிதான் எழுதுவார்கள். கண்ணாடித் தொழில் முழுவதும் நிற்பது அந்தக் ‘குறை’ மேல்தான். பனிக்கட்டி 0 டிகிரியில் கட்டியாக இருக்கும், இல்லையேல் தண்ணீராக இருக்கும். நடுவில் பிசைந்து உருவம் கொடுக்க ஒரு நிலை இல்லை. சாதாரண ஜன்னல் கண்ணாடி 1,000 டிகிரியில் தேனைவிடக் கெட்டியான பாகு, 700 டிகிரியை ஒட்டித் தன் எடையிலேயே மெல்லத் தொய்யும், 550-ஐ ஒட்டி விறைத்துவிடும். இந்த நீண்ட இடைவெளியில்தான் ஃபிரோசாபாத்தில் வளையல் சுற்றுகிறார்கள், ஆய்வுக்கூடத்துக் குடுவை ஊதுகிறார்கள். நம் கடற்கரையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. உள்நாட்டில், ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் பளிங்கையும் பெரிலையும் மணியாக்கியவர்கள் கல்லை உடைத்து, தேய்த்து, துளையிட்டு உழைக்க வேண்டியிருந்தது. படிகத்தை வேறெப்படியும் மணியாக்க முடியாது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் கண்ணாடியை உள்ளே துளை விட்டு நீண்ட குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கினார்கள். துளை தானாகவே வந்துவிட்டது. ஒரு இழுப்பில் எத்தனை மணிகள்! இந்திய-பசிபிக் மணிகள் என்று இன்று சொல்லப்படுபவை தென்கிழக்கு ஆசியா வரை கடல் கடந்து போனதற்கு இந்த ஒரு பண்பும் காரணம்.

ஸ்ரீபெரும்புதூரில் 2000-ம் ஆண்டு முதல் செயின்ட் கோபேன் ஆலையில் நடப்பதும் இதுவே, பிரம்மாண்டமான அளவில். அலஸ்டேர் பில்கிங்டன் 1950-களில் உருவாக்கி 1959-ல் உலகுக்கு அறிவித்த மிதவை முறை அது. உருகிய வெள்ளீயக் குளத்தின் மேல் உருகிய கண்ணாடியை ஓடவிடுகிறார்கள். 1,000 டிகிரிக்கு மேலான சூட்டில் உள்ளே வரும் கண்ணாடி வெள்ளீயத்தின் மேல் தட்டையாகப் பரவி, 600 டிகிரிக்கு அருகில் உருளைகள் தூக்கினால் தழும்பு விழாத அளவுக்கு விறைத்து வெளியேறுகிறது. கீழே இருக்கும் வெள்ளீயமோ படிகம் கட்டும் உலோகம். 232 டிகிரி வரும் வரை அது உறையாது. மேலே கண்ணாடி படிப்படியாகக் கெட்டியாகிக்கொண்டே போக, கீழே வெள்ளீயம் கடைசி வரை தண்ணீராகவே கிடக்கிறது. அட்டவணையின் இரண்டு பக்கமும் ஒரே தொட்டியில், ஒன்றின் மேல் ஒன்றாக, தத்தம் இயல்புப்படி நடந்துகொள்வதால் நமக்கு நெளிவில்லாத ஜன்னல் கிடைக்கிறது.

இப்போது போலித் திண்மம் என்ற வரி. “டீச்சர், அப்ப கண்ணாடி திரவம்தானா? பழைய கட்டடத்து ஜன்னல்ல கீழ்ப்பக்கம் தடிச்சிருக்குமாமே?” என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். பழைய புத்தகங்களில் இது அச்சாகியே இருந்தது. வழிகாட்டி நூல்களில் இன்னும் இருக்கிறது. இந்தக் கேள்வி வந்த நாளில் மற்றதை ஒதுக்கிவிட்டு இதிலேயே நின்றுவிடுவேன்.

பழைய ஐரோப்பிய ஜன்னல் கண்ணாடிகள் சிலவற்றில் ஒரு ஓரம் தடித்திருப்பது உண்மை. அந்தக் காலத்தில் கண்ணாடியைக் குமிழியாக ஊதி, திறந்து, வேகமாகச் சுழற்றித் தட்டாக்கினார்கள். அப்படிச் செய்தால் கனம் ஒரே சீராக வராது. அதிலிருந்து வெட்டிய சதுரங்களில் ஒரு பக்கம் தடித்திருக்கும். பொருத்துகிறவர் கனமான பக்கத்தைக் கீழே வைப்பது இயல்பு. மேலேயோ பக்கவாட்டிலோ தடித்த கண்ணாடிகளும் உண்டு. வழிந்துதான் தடித்தது என்றால் அவை எப்படி வந்தன? ஜன்னலைவிட ஆயிரம் வருடம் மூத்த ரோமானியக் கண்ணாடிக் குடுவைகள் அருங்காட்சியகங்களில் வடிவம் மாறாமல் நிற்கின்றன. பிரேசில் நாட்டுக் கண்ணாடி ஆய்வாளர் ஸனோட்டோ 1998-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்: அறை வெப்பநிலையில் இந்தக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும்படி வழியப் பிரபஞ்சத்தின் வயது போதாது. பின்னால் வேறொரு குழு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் இடைக்காலக் கண்ணாடியின் கலவையை அப்படியே தயாரித்து அளந்தது. முன்பு நினைத்ததைவிட அது இளகல்தான். அப்படியும் நூறு கோடி வருடத்தில் அதிகபட்சம் ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகரலாம் என்று முடிவு வந்தது.

வழியும் திடத்தைப் பார்க்க வேண்டுமானால் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். 1927-ல் தாமஸ் பார்னெல் சூடாக்கிய கீலை, அதாவது தார் போன்ற கரும்பொருளை, ஒரு புனலில் ஊற்றி ஆறவிட்டார். 1930-ல் புனலின் அடியை வெட்டிவிட்டார். சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும் அந்தக் கீல் அன்றிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. இதுவரை ஒன்பது சொட்டு. ஒன்பதாவது 2014-ல் விழுந்தது. 1961 முதல் அதைக் காத்துவந்த ஜான் மெயின்ஸ்டோன் ஒரு சொட்டு விழுவதைக்கூடத் தன் கண்ணால் பார்க்காமல் 2013-ல் காலமானார். கீல் வழிகிறது, ஏனென்றால் அறை வெப்பநிலை அதன் கண்ணாடி நிலைமாற்ற எல்லைக்கு மேலே இருக்கிறது. ஜன்னல் கண்ணாடிக்கு அந்த எல்லை ஐந்நூறு டிகிரிக்கும் மேலே. எந்த எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்காமல், படிகமில்லாதது எல்லாம் வழியும் என்று எழுதுவது தவறு. கண்ணாடி முழுத் திண்மம். அது ஏன், எப்படி விறைக்கிறது என்பதன் முழுக் கோட்பாடு இன்னும் கைக்கு வரவில்லை. திண்மநிலை இயற்பியலின் ஆழமான தீராத புதிர் அநேகமாக இதுதான் என்று நோபல் பெற்ற பிலிப் ஆண்டர்சன் 1995-ல் எழுதினார். இதைக் கேட்டதும் கடைசி பெஞ்சில் இருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள்.

பிளக்கும் விதம் பற்றிய வரியிலும் எச்சரிக்கை வேண்டும். காக்காப்பொன்னை நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். அது படிகத்தின் திசைப் பண்புக்கு நல்ல சாட்சி. ஆனால் வெங்கச்சங்கல்லும் படிகம்தான், உடைத்தால் கண்ணாடி மாதிரியே வளைவு வளைவாகச் சில்லு பெயரும், சமதளம் வராது. எல்லாத் திசையிலும் பிணைப்பு ஏறக்குறைய ஒரே வலுவாக இருப்பதால் பிளக்க ஒரு தளம் கிடைப்பதில்லை. ஒளிவிலகல் திசைக்குத் திசை மாறும் என்று எழுதிவிட்டு உப்பை எடுத்துக்காட்டாகப் போடுவதும் பொருந்தாது. கனசதுர ஒழுங்குள்ள உப்பில் ஒளிவிலகல் எல்லாத் திசையிலும் ஒன்றே. கால்சைட் என்ற கனிமத்தைப் போட்டால் சரியாக இருக்கும். அதை எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். இன்னொன்று: இரும்புக் கம்பியும் படிகம்தான், ஆனால் கோடிக்கணக்கான சிறு படிகங்கள் திசைக்கு ஒன்றாகக் கிடப்பதால் மொத்தத்தில் திசைப் பண்பு அழிந்துவிடுகிறது. திசையைப் பார்க்க ஒற்றைப் படிகம் வேண்டும்.

ஒற்றைக் குவார்ட்ஸ் படிகத்தைச் சரியான கோணத்தில் அறுத்து அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்று ஜாக் கியூரியும் பியர் கியூரியும் 1880-ல் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் சின்னஞ்சிறு குவார்ட்ஸ் கவை நொடிக்கு 32,768 முறை அதிர்வது இதனால். உருக்கி ஆறவைத்த சிலிக்காவில் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை. அழுத்தினால் ஒன்றும் வராது. திருகிய அடுக்கின் ஒவ்வொரு நான்முகியும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் மின்சுமைகள் கூடும். கோணல் வலையில் அவை ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன.

திசைப் பண்பு என்றால் எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரைச் சொல்லாமல் என்னால் பாடத்தை முடிக்க முடியாது. 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமன் விளைவின் பங்காளி என்று மட்டும்தான் பலருக்கும் அவரைத் தெரியும். 1928-க்குப் பிறகு டாக்காவிலும் பின் கல்கத்தாவிலும் அவர் செய்த படிகக் காந்தவியல் வேலை என்னைப் பொறுத்தவரை அதற்குக் குறைந்ததில்லை. நாஃப்தலீன், நம் வீட்டுப் பாச்சை உருண்டையின் பொருள், அதன் சிறிய ஒற்றைப் படிகம் ஒன்றை மெல்லிய இழையில் கட்டிக் காந்த முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். காந்தத்தை எதிர்க்கும் தன்மை படிகத்தில் திசைக்குத் திசை வேறுபடுவதால் படிகம் தனக்கு வாகான பக்கம் திரும்பப் பார்க்கும். இழை முறுக்கிக்கொண்டு தடுக்கும். எவ்வளவு முறுக்கினால் படிகம் தோற்றுச் சுழல்கிறது என்பதை அளந்து, உள்ளே தட்டையான மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுக்கியிருக்கின்றன என்று சொன்னார்.

அவர் பயன்படுத்திய இழை எது? உருக்கி இழுத்த சிலிக்கா. படிகத்தின் ஒழுங்கை அளந்து சொன்னது ஒழுங்கில்லாத கண்ணாடி இழை. இங்கிலாந்தில் சார்ல்ஸ் வெர்னான் பாய்ஸ் 1887-ல் உருகிய சிலிக்காவை அம்பின் வாலில் ஒட்டி, வில்லால் எய்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய இழையாக இழுக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். முறுக்கிவிட்டால் பழைய இடத்துக்கே பிசகாமல் திரும்பும் குணம் அந்த இழைக்கு உண்டு. சூட்டில் நீள்வதும் மிகக் குறைவு. செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் போட்டாலும் சிலிக்காக் கண்ணாடி விரிசல் விடாது. அதே அணுக்களாலான குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரியில் அடுக்கு மாறும்போது வெடித்துவிடும்.

அந்த இழை இன்றும் வேலையில் இருக்கிறது. காலவெளியில் எழும் அலைகளான ஈர்ப்பலைகளைத் தேடும் அமெரிக்காவின் லிகோ ஆய்வகத்தில் 40 கிலோ எடையுள்ள சிலிக்கா ஆடிகள் 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு சிலிக்கா இழைகளில் தொங்குகின்றன. 2015 செப்டம்பர் 14-ல் ஈர்ப்பலையின் முதல் நடுக்கத்தை உணர்ந்தவை அவைதான். ஆடியையும் இழையையும் ஒரே பொருளாக உருக்கி ஒட்ட முடிகிறது, அதிர்வை வெப்பமாக விரயம் செய்யும் குணமும் மிகக் குறைவு. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் இந்த வகை ஆய்வகத்துக்கு 2023-ல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது. ஜப்பானின் கமியோகா மலைக்கடியில் இருக்கும் காக்ரா என்ற ஈர்ப்பலை ஆய்வகத்தில் மட்டும் ஏற்பாடு வேறு. அங்கே ஆடிகளைப் பூஜ்யத்துக்குக் கீழே 250 டிகிரிக்கும் அதிகமாகக் குளிரவைக்கிறார்கள். அந்தக் குளிரில் சிலிக்காக் கண்ணாடியின் விரயம் கூடிவிடும், வெப்பத்தையும் சரியாகக் கடத்தாது. ஆகவே ஆடியும் நீலமணிப் படிகம், தொங்கும் இழையும் நீலமணிப் படிகம்.